மலை ஏறும்போது மட்டும் தலைவலி: ஆம்னிக்குள் புகுவது என்ன?

கேள்வி: எங்களிடம் 1998 மாடல் மாருதி ஆம்னி இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி, பெட்ரோலில்தான் ஓடுகிறது. ஏசி நாங்கள் பிறகு வெளியில் பொருத்தியது. போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். பாதி மலையிலேயே பின்சீட்டில் இருந்த அம்மாவுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் தலைவலி, குமட்டல். இறங்கி டீ குடித்துக் கொஞ்ச நேரம் வெளியில் நின்றதும் சரியாகிவிட்டது. இறக்கத்தில் எதுவும் இல்லை. வண்டிக்குள் லேசான புகை வாடை எப்போதும் உண்டு. மெக்கானிக், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, சைலன்சரில் ஓர் இடத்தில் எம்-சீல் வைத்துக் கொடுத்தார். வாடைக்கு பெர்ஃப்யூம் வைத்திருக்கிறோம். பொல்யூஷன் சர்டிபிகேட் சரியாக இருக்கிறது. ஏசியைப் போட்டுக்கொண்டால் புகை வராதுதானே? இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?
— திண்டுக்கல் வாசகர்

பதில்:

பயப்படத்தான் வேண்டும். வண்டியைச் சரிபார்த்து, வண்டிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வருகிறதா என்று மீட்டரில் அளந்து பார்க்கும்வரை பிள்ளைகளையும் அம்மாவையும் அதில் ஏற்றாதீர்கள். நீங்கள் விவரித்திருப்பது சாதாரண மலைப்பாதைக் குமட்டல் அல்ல என்று நினைக்க மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. மூவரும் பின்சீட்டில் இருந்தவர்கள். வண்டியை விட்டு இறங்கியதும் விட்டிருக்கிறது. வளைவுகளால் வரும் குமட்டல் என்றால் இறக்கத்திலும் வந்திருக்க வேண்டும்; அங்கே வளைவுகள் குறைவில்லையே. கார்பன் மோனாக்சைடு நச்சு ஏறுவதன் முதல் அடையாளங்கள் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி. காய்ச்சல் இல்லாத ஃப்ளூ போலத்தான் இருக்கும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் கிடையாது. நீங்கள் முகர்வது அதனுடன் சேர்ந்து வரும் எரியாத பெட்ரோலையும் மற்ற வாயுக்களையும். வாடை இருந்தால் புகை வருகிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். வாடை இல்லை என்பதால் புகை வரவில்லை என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு மூக்கு சில நிமிடங்களில் எந்த வாடைக்கும் பழகிவிடும். அந்த பெர்ஃப்யூமை இன்றே எடுத்து வெளியே போடுங்கள். உங்களிடம் இருக்கும் ஒரே எச்சரிக்கையை அது மூடி மறைக்கிறது.

இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். எளிதில் விடாது. நல்ல காற்றுக்கு வந்த பிறகும் இரத்தத்தில் ஏறிய அளவு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். அதாவது, டீக்கடையில் தலைவலி விட்ட பிறகும் ஏறியதில் பெரும்பகுதி உடம்பில்தான் இருந்திருக்கும். மறுபடி ஏறி உட்கார்ந்தால் விட்ட இடத்தில் இருந்து கணக்கு தொடரும். பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்கு முதலில் ஏறும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

எவ்வளவு புகை போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டி காலத்துக் கார்களுக்குப் புகைப் பரிசோதனையில் ஐட்லிங்கில் அனுமதிக்கப்படும் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம். ஆம்னியின் உட்புறம் தோராயமாக 4,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 40 லிட்டர் புகை புகுந்தால் அதில் 1.2 லிட்டர் கார்பன் மோனாக்சைடு. உட்புறக் காற்றில் 300 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 300 பங்கு. 796 சிசி எஞ்சின் சும்மா ஐட்லிங்கில் நின்றாலே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் புகை விடும். ஆக, அரை நிமிடப் புகைகூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 பி.பி.எம்., எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 9.

சர்டிபிகேட் சரியாக இருப்பதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. அந்தச் சோதனை டெயில் பைப்பின் வாயில் வரும் புகையை மட்டும் அளக்கிறது. வழியில் ஒழுகுவதை அளப்பதில்லை. இன்னும் மோசம் என்னவென்றால், சைலன்சர் பாதையில் ஓட்டை இருந்தால் ஐட்லிங்கில் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்றும் உள்ளே போய்க் கலக்கும். அதனால் ஓட்டை வண்டி, மீட்டரில் நல்ல வண்டியாகத் தெரியலாம்.

மலை ஏறும்போது மட்டும் ஏன்? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளிக்கு வைத்த ஜெட்டுகள் என்ற சிறு துளைகள் வழியாகப் பெட்ரோலை ஏறக்குறைய அதே போக்கில் ஊற்றிக்கொண்டிருக்கும். கலவையில் பெட்ரோல் கூடினால் கார்பன் மோனாக்சைடும் கூடும். இரண்டாம் கியரில் முழுச் சுமையோடு ஏறும்போது சைலன்சருக்குள் அழுத்தம் அதிகம். சாதாரண ரோட்டில் ஒழுகாத விரிசலும் அப்போது ஒழுகும். வண்டி மெதுவாகப் போவதால் அடிப்பாகத்தில் சேரும் புகையை அடித்துக்கொண்டு போகக் காற்றும் இல்லை, மேலே கண்ணாடிகளும் மூடியிருக்கின்றன. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதிப்பதே குறைவு; புகையின் அளவே விழுந்துவிடும்.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. புகை எங்கே ஒழுகுகிறது என்பது ஒன்று, எந்த வழியாக உள்ளே வருகிறது என்பது மற்றொன்று. பட்டறைகளில் பெரும்பாலும் முதலாவதைச் செய்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஆம்னியில் இரண்டாவதும் அதே அளவு முக்கியம். மற்றக் கார்களில் எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் நடுவே ஃபயர்வால் என்ற தடுப்புச்சுவர் இருக்கிறது. ஆம்னியில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இருப்பது ஒரு தகர மூடியும் அதன் விளிம்பில் ஒட்டிய ரப்பரும்தான்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் திறந்தவெளியில், சீட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள் 'டிக் டிக்' என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டு, சூடேறியதும் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினில் இருந்து புகையை வாங்கி வெளியே அனுப்பும் குழாய்) விரிசல் அல்லது அதன் இணைப்பை அடைக்கும் பேக்கிங் போயிருக்கிறது. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் குறைகிறது. பட்டறைக்குப் போய்ச் சேரும்போது வண்டி சூடாக இருக்கும். மெக்கானிக்குக் கேட்காது, "ஒண்ணுமில்ல சார்" என்று அனுப்பிவிடுவார். முந்தின நாள் மாலையே வண்டியை அங்கே விட்டுவிடுவது உத்தமம்.

அடுத்து, ஒருவர் தடித்த ஈரச் சாக்கை மடித்துக் கையுறையோடு டெயில் பைப்பை மூன்று நான்கு விநாடி அடைக்க, இன்னொருவர் பாதை நெடுகக் காதைக் கொடுக்கட்டும். பாதை இறுக்கமாக இருந்தால் எஞ்சின் திணறி நிற்கப் பார்க்கும். ஒழுகல் இருந்தால் 'புஸ்' என்று அந்த இடத்தில் சீறும். இதைவிடத் துல்லியமான வழி, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காற்று ஊதும் பக்கமும் உள்ள வேக்குவம் கிளீனரின் குழாயைத் துணி சுற்றி டெயில் பைப்பில் செருகி ஊதவிடுவது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஒழுகும் இடத்தில் நுரை கிளம்பும். மேனிஃபோல்ட் எஞ்சினோடு சேரும் இடம், அதிலிருந்து கீழே இறங்கும் டவுன் பைப்பை இணைக்கும் ஃபிளான்ஜ், சைலன்சர் டப்பாவின் இரு முனை வெல்டிங், டப்பாவின் அடிமடிப்பு, பைப்பைத் தாங்கும் தொங்கு ரப்பர்களுக்குப் பக்கத்துப் பைப் ஆகியவற்றை விடாமல் பாருங்கள். கரிக்கோடோ சாம்பல் நிறத் தடமோ ஒரு இணைப்பில் இருந்து விசிறி போல் பரவியிருந்தால் நுரைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சைலன்சர் டப்பா பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, குறைந்த தூர ஓட்டத்தில் டப்பாவுக்குள்ளேயே நீராகத் தங்கிவிடும். கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் இது வேகமாக நடக்கும். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று வராமல் சொத சொதவென்று ஒலித்தால் டப்பா போய்விட்டது.

வாடை எரிந்த எண்ணெய் போல் இருந்தால் வேறு இரண்டு இடங்களையும் பாருங்கள். வால்வ் கவர் பேக்கிங் கசிந்து சூடான மேனிஃபோல்டில் எண்ணெய் சொட்டலாம். அல்லது எஞ்சினில் இருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸ் கழன்றிருக்கலாம், வெடித்திருக்கலாம். தேய்ந்த பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் புகை அதன் வழியாக நேராகச் சீட்டுக்கு அடியில் வந்துவிடும்.

இனி உள்ளே வரும் வழிகள். முன்சீட்டைத் தூக்கி, எஞ்சின் மூடியின் விளிம்பு ரப்பரைச் சுற்றிலும் பாருங்கள். எஞ்சினில் ஒவ்வொரு முறை வேலை பார்க்கும்போதும் அது கிழியும், நசுங்கும், சில சமயம் காணாமலே போகும். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. கொக்கிகள் தளர்ந்திருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை. தரையில் கிடக்கும் மேட்டை முழுவதும் எடுத்துவிட்டுத் தகரத்தைக் கூர்முனையால் குத்திப் பாருங்கள். இரவில் உள்ளே பளிச்சென்ற விளக்கைத் தரையோரமாக நகர்த்த, வெளியில் ஒருவர் குனிந்து பார்த்தால் ஊசிமுனை ஓட்டையும் நட்சத்திரம் போல் தெரியும். கியர் லீவர் பூட், ஹேண்ட் பிரேக் கேபிள், பெடல்கள், ஒயர்கள் நுழையும் துளைகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான குரோமெட்டுகள் எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் என் சந்தேகம் முதலில் போவது, பிறகு பொருத்திய ஏசியின் மேல். குழாய்களை உள்ளே கொண்டுவரத் தரையிலோ பக்கத்திலோ துளை போட்டிருப்பார்கள். குழாயைவிடத் துளை பெரிதாக இருக்கும். சுற்றிலும் பஞ்சோ டேப்போ அடைத்திருப்பார்கள், இரண்டு வருடத்தில் அது உதிர்ந்துவிடும். அந்தத் துளைகளை மறக்காமல் தேடுங்கள்.

பின்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஆம்னி சதுரப் பெட்டி. ஓடும்போது அதன் தட்டையான முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, டெயில் பைப்பில் இருந்து வரும் புகை அங்கேயே சுழலும். பின்கதவின் விளிம்பு ரப்பரான பீடிங் செத்திருந்தால் அது உள்ளே இழுபடும். பின்சீட்டுக்காரர்களுக்கு முதலில் தலை வலித்தது இதோடும் பொருந்துகிறது. நீளமான சாமானை ஏற்றிக்கொண்டு பின்கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டுகிறார்களே, அது ஓட்டையில்லாத புது வண்டியில்கூடச் செய்யக் கூடாத காரியம். டெயில் பைப் பம்பருக்குள்ளேயே முடிந்திருந்தாலும், எங்கோ இடித்து வளைந்திருந்தாலும் புகை அடிப்பாகத்தில்தான் கொட்டும். பம்பர் விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை வெளியே நீண்டிருக்க வேண்டும்.

எம்-சீல் வைத்தது வேலைக்கு ஆகாது. அப்படிப்பட்ட பிசின் தாங்கும் சூடு குறைவு. மேனிஃபோல்டும் அதை ஒட்டிய பைப்பும் பல நூறு டிகிரிக்குப் போகும். பிசின் கருகி, வெடித்து, சில நாளில் உதிரும். அதுவரை "அடைத்தாயிற்று" என்ற நிம்மதியை மட்டும் கொடுக்கும். டப்பா துருப்பிடித்திருந்தால் புதிது மாற்றுங்கள். தகரம் மெலிந்த டப்பாவில் ஒட்டுப்போட்டு வெல்டிங் செய்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் அடுத்த மாதம் ஓட்டை விழும். பைப் தடிமனாக இருந்து ஒரே இடத்தில் விரிசல் என்றால் வெல்டிங் நிற்கும். ஆனால் பைப்பை வண்டியில் இருந்து கழற்றி வெளியில் வைத்துத்தான் வெல்டிங் செய்ய வேண்டும். பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இருக்கும்போது கீழே படுத்துக்கொண்டு நெருப்பு வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மேனிஃபோல்ட் பேக்கிங் மாற்றும்போது பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டியெடுத்து, மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வளைந்திருக்கிறதா என்று இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து முகம் தட்டையாக்காமல் எத்தனை பேக்கிங் போட்டாலும் திரும்பப் போகும். ஸ்டட், நட்டுகள் புதிதாக இருக்கட்டும். நடுவில் இருந்து இரு பக்கமும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். டவுன் பைப் பேக்கிங் ரிங்கைப் பழையதையே திரும்பப் போடக் கூடாது. அறுந்த தொங்கு ரப்பர்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். ஒரு ரப்பர் அறுந்தாலும் பைப்பின் எடை முழுவதும் இணைப்பில் தொங்கி, புதுப் பேக்கிங்கையும் பிய்த்துவிடும். தரை ஓட்டைகளுக்குத் துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே இணைப்பை அடைக்கும் சீம் சீலர், அடியில் துருவைத் தடுக்கும் அன்டர்கோட்டிங். துளைகளுக்குச் சரியான அளவு ரப்பர் குரோமெட். எஞ்சினை ஒட்டிய இடத்தில் சாதாரண பஞ்சு வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

ஏசி பற்றி: உங்கள் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. கார்பன் மோனாக்சைடு அதன் காயிலிலும் தங்காது, எந்தக் காற்று ஃபில்டரிலும் தங்காது. கண்ணாடி மூடி ஏசி போட்டால் கசிந்து வந்ததெல்லாம் உள்ளேயே சேரும். குளிர்ச்சி இருப்பதால் காற்று நன்றாக இருப்பதாகத் தோன்றும். நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதுதான் இதில் மிக ஆபத்தானது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது.

வேலை முடிந்ததும் மூக்கை நம்பாமல் அளந்து பாருங்கள். எண் காட்டும் கையடக்கக் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரம் வகை இதற்குப் போதாது. பல மாடல்கள் 30 பி.பி.எம்.முக்குக் கீழே பூஜ்யம் என்றே காட்டும், 70-ல் கூட ஒரு மணி நேரம் கழித்துத்தான் கத்தும். 1 பி.பி.எம். முதல் காட்டும் மீட்டராக வாங்குங்கள். திறந்தவெளியில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பின்சீட்டில் மூக்கு மட்டத்தில் வையுங்கள். சானிடைசர், பெர்ஃப்யூம் ஆவி பட்டால் தப்பாக ஏறும். வெயிலில் டேஷ்போர்டில் விட்டால் சென்சார் கெடும்.

சோதனைக்குப் பெரியவர்கள் இருவர் மட்டும் போங்கள். கண்ணாடிகள் மூடி, ஐட்லிங்கில் 10 நிமிடம். பிறகு காலி ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம். கடைசியாக ஒரு ஏற்றத்தில் இரண்டாம் கியரில். சிறுமலைப் பாதை உங்களுக்குப் பக்கம்தான். லாரிக்குப் பின்னால் போகும்போது ஏறும் ஓரிரு எண்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் வேலை முடிந்தது. 9-க்கு மேல் நிலையாக நின்றால் இன்னும் எங்கோ ஒழுகுகிறது. 35-ஐத் தொட்டால் கண்ணாடிகளைத் திறந்து சோதனையை நிறுத்துங்கள். 100 என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். இப்போது பட்டறைக்கு ஓட்டிப் போகும்போதும் முன் கண்ணாடிகள் முழுதும் திறந்திருக்கட்டும், பின்கதவு இறுக மூடியிருக்கட்டும்.

எப்போதாவது வண்டிக்குள் யாராவது மயங்கினால், எஞ்சினை அணைத்து, வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108-க்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் "வண்டிப் புகை, கார்பன் மோனாக்சைடு" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினான கார்பாக்சிஹீமோகுளோபின் அளவை இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், அதுவும் தாமதிக்காமல். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் பாதியாகக் குறையும் நேரம் ஒன்றரை மணிக்குள் வந்துவிடும்.

புதுப் பேக்கிங் போட்டுச் சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும், எஞ்சின் ஆறிய நிலையில் மேனிஃபோல்ட், ஃபிளான்ஜ் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்ததும் மேட்டைத் தூக்கித் தரையையும், வண்டியைத் தூக்கிச் சைலன்சரையும் பார்த்தால் போதும். கார்புரேட்டரை ட்யூன் செய்யும்போது மிக்ஸ்சர் ஸ்குரூவைக் காதை வைத்துத் திருப்பாமல், புகைப் பரிசோதனை மீட்டரைப் போட்டுப் பார்த்துத் திருப்பச் சொல்லுங்கள். ஒழுகலை அடைத்த பிறகு வரும் எண்தான் உங்கள் எஞ்சினின் உண்மையான எண். அது பழைய சர்டிபிகேட்டில் இருப்பதைவிட அதிகமாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.